மூக்கினுள் ஒரு செங்கழலை

குற்றியலுகரம் நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த மாணவனொருவன் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்தபடியே இருந்தான். அவனுடைய கொப்பியின்மீது மூன்று துளி குருதி வீழ்ந்து, உலராத மையோடு கலந்து பரவிக்கொண்டிருந்தது. அருகிற் சென்று, அவன் நெற்றியிற் கைவைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, "அண்ணாந்து பார், தம்பி, உடம்பிலே சூடு மிஞ்சிவிட்டது" என்றேன். முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிய வாக்கியம் அது. ஒருவரும் அதனை மறுத்ததில்லை. பண்டிதர் சொன்னதை மறுக்கும் துணிவு பிள்ளைகளுக்கு ஏது?

அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன என்பதை அறிய எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. முதலாவது, மூக்கிலிருந்து குருதி வடியும்போது அண்ணாந்து பார்க்கலாகாது. அண்ணாந்தால் குருதி நிற்பதில்லை. தொண்டைவழியே இரைப்பைக்குள் இறங்குகிறது. வெளியே காணாமையால் நின்றுவிட்டதாக நாம் மயங்குகிறோம். பிள்ளையோ சற்று நேரத்தில் வாந்தியெடுக்கிறான். செய்யத்தக்கது வேறு. உட்காரவைத்துத் தலையைச் சிறிது முன்னே குனியச் செய்து, மூக்கின் எலும்பற்ற மென்பகுதியை இரு விரல்களால் இறுகப் பிடித்து, வாயால் மூச்சுவிடச் சொல்லிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் விடாமல் வைத்திருக்க வேண்டும். "நின்றுவிட்டதா?" என்று நிமிடத்துக்கொருமுறை விரலை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம், அதுவும் தவறு.

மென்பகுதியை ஏன் பிடிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இரு நாசித் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்புறத்தில், விரல்நுனி எட்டுமிடத்திலேயே, பல நாடிகளின் கிளைகள் ஒன்றுகூடி மெல்லிய வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. அவ்விடத்தை 1879இல் அமெரிக்கரான லிட்டில் என்பவரும், 1884இல் ஜேர்மானியரான கீசல்பாக் என்பவரும் எடுத்துக் காட்டினர். இருவர் பெயரும் அவ்விடத்துக்கு இன்றும் வழங்குகின்றன. பிள்ளைகளுக்கு வரும் மூக்குக் குருதியிற் பெரும்பாலானது இந்த வலையிலிருந்தே வருகிறது. பெரும்பாலும் தானே நின்றும் விடுகிறது. நான் கவலையற்றிருந்ததில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் இரண்டாவது பிழை பாரதூரமானது. அந்த மாணவனுக்கு ஒருமுறையன்று, பலமுறை குருதி வந்தது. வந்தபோதெல்லாம் இடப்பக்கத் துவாரத்திலிருந்தே வந்தது. சூடு மிஞ்சியதால் வருவதாயின் அது ஒரு பக்கத்தையே தேர்ந்துகொள்வானேன்? இந்தச் சிறிய தருக்கம், தருக்கசங்கிரகம் படித்த எனக்குத் தோன்றவில்லை. எழுத்தறியாத அவனுடைய தாய்க்குத் தோன்றியிருந்தது. கம்பளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர் அவர். "ஒரு பக்கந்தாங்க ஐயா அடைச்சிருக்கு. ராவெல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குறான்" என்று அவர் சொன்ன பிறகே, பையனை வெளிச்சத்தில் நிறுத்தி மூக்கினுள் நோக்கினேன். உள்ளே செந்நிறத்தில், ஈரப்பளபளப்போடு, ஏதோவொன்று துவாரத்தை அடைத்து நின்றது.

அவர்கள் என்னிடம் வந்தது வைத்தியம் கேட்பதற்கன்று. அயலில் ஒருவர் காரமருந்து வைத்து அதனைச் சுட்டெடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். "பழைய ஏட்டிலே அப்படிச் செய்யலாம்னு இருக்கா, ஐயா பார்த்துச் சொல்லணும்" என்றார் தந்தை. நான் தமிழ் கற்றவன். ஆகவே ஏட்டிலுள்ளவை யாவும் எனக்குத் தெரியும் என்பது அவரது நம்பிக்கை. கீழைமொழிக் கல்லூரியிற் படித்த காலத்தில் வடமொழி மருத்துவ நூல்களையும் ஓரளவு புரட்டியிருக்கிறேன் என்பது உண்மை. சுசுருதர் தம் நூலின் உத்தரதந்திரத்தில் மூக்கு நோய்கள் 31 என்று வகுத்திருக்கிறார். மூலமுளைபோல மூக்கினுள் தொங்கும் சதையை நாசார்சம் என்றும், கட்டியை அர்ப்புதம் என்றும், குருதி ஒழுக்கை இரத்தபித்தம் என்றும் வேறுபிரித்துப் பெயரிட்டிருக்கிறார். முளை நோய்களுக்கு மருந்து, காரம், தீ, கத்தி என்னும் நான்கு வழிகளையும் சொல்லியிருக்கிறார். ஆகவே, "ஏட்டிலே காரம் உண்டு" என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. அடுத்த நாள் பையனுக்குக் காரம் வைத்திருப்பார்கள். நாவின் நுனிவரை வந்த சொல்லை ஏன் விழுங்கினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. முதலிற் பெயரும் பிரிவும் வகுத்துவிட்டுப் பின்னரே சிகிச்சைக்குப் போகின்ற அந்த நூலின் ஒழுங்கு மனத்திற் பட்டிருக்கலாம். "இது இன்னதென்று தெரிந்த பிறகு பார்ப்போம், முதலில் ஆஸ்பத்திரியிற் காட்டுங்கள்" என்றேன்.

காட்டினார்கள். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்த இளம் வைத்தியர் மூக்கைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஏதோ சொல்லி, இடையே "டியூமர்" என்றொரு சொல்லையும் சொல்லி, கண்டிக்குப் போகும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். தந்தைக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். வைத்தியசாலைச் சிங்களம் தெரியாது. வெளியே நின்ற ஒருவரிடம் அச்சொல்லின் பொருளைக் கேட்டார். "கட்டி, புற்றுநோயாயிருக்கும்" என்று அவர் மொழிபெயர்த்துவிட்டார். அவ்வளவுதான். கடிதம் சாமிப் படத்தின் பின்னே செருகப்பட்டது. பையனின் பாடசாலை வரவும் நின்றது. தாய் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். மூன்று வாரம் கழிந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. பெயர்ப்பலகைகளில் மூன்று மொழியும் எழுதியிருக்கிறார்கள். பலகை பேசாது என்பதே குறை.

நான் லயத்துக்குப் போனபோது தந்தை கேட்ட முதல் வார்த்தை, "புத்துன்னா எத்தனை நாளைக்குங்க ஐயா இருப்பான்?" என்பதே. விடை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த கிளினிக் நாளன்று நானும் அவர்களோடு புறப்பட்டேன். ஆயுளில் பெரும்பகுதியைக் கம்பளையிற் கழித்த எனக்குச் சிங்களம் சரளமாகவே வரும். இலக்கண சுத்தமாக வருமா என்பதைச் சிங்களப் பண்டிதர்களே சொல்ல வேண்டும்.

கண்டியில் எங்களைப் பார்த்த காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. அவர் பையனிடம் கேட்ட முதற் கேள்வி, "நீ எங்கே குளிக்கிறாய்?" என்பது. தந்தையின் முகம் சிவந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் சுத்தமற்றவர்கள் என்று குத்திக்காட்டுகிறார் என அவர் எண்ணினார். நானும் ஒரு கணம் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அக்கேள்விக்குப் பின்னே ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி இருந்தது.

மூக்கினுள் செந்நிற முளை, தொட்டாற் குருதி, நீர்நிலையிற் குளிக்கும் வழக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வைத்தியர்கள் முதலில் நினைப்பது ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயை. கிரேக்கத்தில் ரைனோ என்பது மூக்கு. ஸ்போர் என்பது வித்து. 1900இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் சீபர் என்பவர் இதனை விவரித்தார். 1903இல் கல்கத்தாவிலிருந்து ஓகினீலி என்பவர் மூக்கு நடுச்சுவரில் வளர்ந்த முளையொன்றில் இதனைக் கண்டு எழுதினார். 1923இல் எடின்பரோவில் ஆஷ்வேர்த் கிருமியின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்து, சீபரின் பெயரையே அதற்கு இட்டார். முதலிற் கண்டது தென்னமெரிக்காவிலாயினும் உலகில் இந்நோய் மிகுந்து காணப்படுவது நம் பகுதிகளிலேதான். இலங்கையின் நோயியற் பேராசிரியர் கருணாரத்ன 1964இல் இதுபற்றித் தனிநூலே எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியற் பேராசிரியர் அர்சகுலரத்ன பல்லாண்டு இதனை ஆராய்ந்தார். நாங்கள் ஏறிவந்த பஸ் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் வந்தது. இத்தகைய ஆராய்ச்சி அங்கே நடந்தது என்பதை அன்றுவரை நான் அறியேன். அக்கிருமியை நெடுங்காலம் பங்கசு என்றே எண்ணியிருந்தார்கள். 1999, 2000ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மரபணு ஆய்வுகள் அது பங்கசு அன்று, மீன்களைப் பற்றும் ஒட்டுண்ணிகளுக்கு உறவான நீர்வாழ் உயிர் என்று காட்டின. சாதாரண வளர்ப்பு ஊடகங்களில் அது வளர மறுக்கும். ஆற்றிலும் குளத்திலும் மூழ்கிக் குளிப்போருக்கும், மணல் அள்ளுவோருக்கும் அது வரக் காண்கிறார்கள். முளையின் மேற்பரப்பில் வெண்ணிறப் புள்ளிகள் தூவினாற்போல் இருப்பது அதன் அடையாளம். அவை வித்திகள் நிறைந்த பைகள்.

இவ்வளவையும் அந்த அம்மையார் சொல்லவில்லை. பெரும்பகுதி நான் பின்னர் தேடிப் படித்தது. அவர் சொன்னது இவ்வளவே: "மகாவலியிலோ ஓடையிலோ குளிக்கிறானா என்று கேளுங்கள். குற்றம் சொல்லவில்லை." மொழிபெயர்த்தேன். தந்தையின் முகம் தெளிந்தது. "ஓடையிலதாங்க, வேற தண்ணி ஏது?" என்றார்.

ஓடைதான் என்றதும் ஐயம் தீர்ந்துவிடவில்லை. மற்றொரு ஐயமும் இருந்தது. பதின்ம வயது ஆண்பிள்ளை, ஒருபக்க அடைப்பு, அடிக்கடி குருதி என்னும்போது வைத்தியர்கள் அஞ்சும் வளர்ச்சியொன்று உண்டு. அது மூக்கின் பின்கோடியில், தொண்டையோடு சேருமிடத்தில் தோன்றுவது. நாரும் குருதிக்குழாயும் பின்னிய உருவம் உடையது. ஏறத்தாழ ஆண்பிள்ளைகளுக்கே வருவது. ஆங்கிலத்தில் ஆஞ்சியோபைப்ரோமா என்பர். புற்றன்று, ஆயினும் எலும்பை நெருக்கித் தள்ளிக்கொண்டு கன்னத்தின் பின்புறத்துக்கும், சிலவேளை கண்குழிக்கும் மண்டையோட்டின் அடிக்கும் போகவல்லது. "என்னவென்று பார்ப்போம்" என்று அதிலே ஒரு துண்டைக் கிள்ளியெடுத்தால் குருதியை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும். ஆகவே அதனைக் கிள்ளாமலே அறிய வேண்டும். நாளத்தில் மருந்தேற்றிச் சீ.ரி. ஸ்கான் எடுத்தாற் குருதி நிறைந்த பகுதி ஒளிர்ந்து தெரியும்; எங்கிருந்து வேர்விட்டிருக்கிறது என்பதும் தெரியும். சத்திரசிகிச்சைக்கு ஓரிரு நாள் முன்னதாகக் குருதி ஊட்டும் நாடியை உள்ளிருந்தே அடைத்துவிடும் முறையும் இன்று உண்டு.

காரமருந்துக்காரரை நினைத்துக்கொண்டேன். என் கை சில்லிட்டது.

மூக்கினுள் மரப்பூட்டும் மருந்தையும் வீக்கம் சுருக்கும் மருந்தையும் தெளித்து, சற்றுநேரம் பொறுத்து, பென்சிலிலும் மெலிந்த எண்டொஸ்கோப் குழலை அந்த அம்மையார் உள்ளே செலுத்தினார். பக்கத்திலிருந்த திரையில் மூக்கின் உட்புறம் ஒரு குகைபோல் விரிந்தது. அதில் ஓர் அருநெல்லிக்காயளவு செந்நீல உருண்டை. வெண்புள்ளி எதுவும் இல்லை. குழலைச் சிறிது சாய்த்தபோது அது அசைந்தது. குட்டையான காம்பொன்றால் நடுச்சுவரின் முன்புறத்தில், லிட்டிலும் கீசல்பாக்கும் காட்டிய அதே இடத்தில், ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னே போய்ப் பார்க்க அது வழிவிடவில்லையாதலால் ஸ்கான் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். மூக்கின் பின்புறம் துப்புரவாக இருந்தது. எலும்பு எதுவும் அரிக்கப்படவில்லை.

"ஹீமாஞ்சியோமா" என்றார் வைத்தியர். பெரும்பாலும் அதுவே; வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தபின் உறுதி சொல்வார்களாம். மயிர்த்துளைக்குழாய்கள் சின்னஞ்சிறு சோணைகளாகத் திரண்டு வளர்ந்த கட்டி அது. இதன் பெயர் வரலாறு என்போன்றோருக்குச் சுவையானது. 1897இல் பொன்சே, டோர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இதனை ஒருவகைப் பங்கசு நோயென்று கருதிப் பெயரிட்டனர். 1904இல் ஹார்ட்செல் என்பவர் சீழுண்டாக்கும் கிருமியால் வருவதென்று கொண்டு, பயோஜெனிக் கிரனுலோமா என்றார். உண்மையிலோ இதிற் பங்கசும் இல்லை, சீழும் இல்லை. 1980இல் மில்ஸ் முதலானோர் வாயிலும் மூக்கிலும் வந்த இத்தகைய கட்டிகளை ஒருங்கே ஆராய்ந்து, உள்ளமைப்புக்கு ஏற்பச் சோணைமய மயிர்த்துளைக்குழாய்க் கட்டி எனப் பொருள்படும் பெயரைத் தந்தனர். ஆனாலும் 1904இன் பிழைப்பெயர் இன்னும் வழக்கொழியவில்லை. பொய்ச் சொற்பிறப்புகள் நம்மிடையே சாகாதிருப்பதை நினைத்து ஆறுதலடைந்தேன், மருத்துவர்களும் நம்மவர்களே.

மூக்கை விரலாற் குடைந்து புண்ணாக்குவது இதற்கொரு தூண்டுதலாகலாம் என்கிறார்கள். கருவுற்ற பெண்களுக்கும் இது தோன்றுவதுண்டு. அவர்களிற் சிலருக்குப் பிள்ளைப்பேற்றின் பின் தானாகவே சுருங்கிவிடுமாம்.

அம்மையார் விளக்கி முடித்து என்னைப் பார்த்தார். தாயும் தந்தையும் என்னைப் பார்த்தனர். இனி நான் ஒரு சொல் சொல்ல வேண்டும். என் வாழ்நாளிற் பரீட்சை மேசைகள் பலவற்றின் முன் இருந்திருக்கிறேன், இவ்வளவு தடுமாறியதில்லை. "கட்டி" என்றால் அவர்கள் காதிற் "புற்று" என்றே விழும். அந்த இரண்டும் மூன்று வாரமாக ஒட்டிக்கிடந்தன. அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகளை நம்பிக் "குருதிமயிர்த்துளைக்குழாய்" என்று தொடங்கினால் அவர்கள் என்னையும் சிங்களத்திற் பேசுகிறேன் என்றே எண்ணுவார்கள்.

இந்த இடர்ப்பாட்டை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எதிர்கொண்டிருக்கிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 1867இல் "இரணவைத்தியம்" என்ற சத்திரவைத்திய நூலைத் தமிழில் வெளியிட்டார். கலைச்சொல் வேண்டியபோது முதலிற் தமிழில் தேடு, பின் வடமொழியில் தேடு, இரண்டிலும் இல்லையேல் ஆங்கிலத்தை எடு என்பது அவர் கைக்கொண்ட முறை. அந்நியராகிய அவர் முதலிற் தமிழிலே தேடினார். நான் அன்று வைத்தியசாலை வாங்கில் இருந்துகொண்டு தேடினேன்.

"கழலை" என்ற சொல் நினைவுக்கு வந்தது. பழைய சொல், ஆயினும் ஏட்டோடு செத்ததன்று. "அம்மா, முதுகிலே கழுத்திலே சிலருக்குக் கழலை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா?" என்றேன். "எங்க மாமனாருக்குத் தோள்ல இருந்துச்சுங்க. எம்பது வயசு வரைக்கும் இருந்தாரு" என்றார் அவர். "அதுபோல ஒரு கழலைதான். அது கொழுப்பாலானது, இது இரத்தக் குழாயாலானது. அதனாலேதான் இரத்தம் வருகிறது. புற்றுப்போல வேறிடத்துக்குப் பரவாது." தாய் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தந்தைதான், "கழலை, கழலை" என்று இரண்டுமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார்.

நிபுணர் அதனைக் கவனித்திருக்க வேண்டும். "அந்தச் சொல்லை எனக்கும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். ழகரம் அவருக்கு வரவில்லை; நம்மவர் பலருக்கே வராதது. சிங்கள எழுத்தில் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சை ஆறு வாரம் கழித்து நடந்தது. பொது மயக்கம் கொடுத்து, எண்டொஸ்கோப்பின் துணையோடு, முகத்தில் கீறல் எதுவுமின்றி மூக்குவழியாகவே எடுத்தார்கள். காம்பை மாத்திரம் நறுக்கினாற் போதாது. அது ஒட்டியிருந்த சவ்வையும் சுற்றிலும் சிறிது சேர்த்து எடுத்து, அடியை மின்சூட்டாற் சுட வேண்டும். மிச்சம் விட்டால் மீண்டும் முளைக்கும். மிஞ்சிச் சுட்டாலோ, அதுவும் நடுச்சுவரின் இருபுறமும் சுட்டால், சுவரிலே துளை விழுந்துவிடலாம். இந்த அளவறிதலிலேதான் தொழிலின் திறமை இருக்கிறது போலும். சுசுருதர் சொன்ன கத்தியும் தீயும் இரண்டும் இங்கே இருந்தன; பார்த்தறிந்த பிறகு வந்தன என்பதே வேறுபாடு. அரசாங்க வைத்தியசாலையாதலால் பணச்செலவு பஸ் கட்டணமும் சாப்பாடும்தான்.

தாயும் நானும் வெளியே வாங்கில் இருந்தோம். அவர் பேசவே இல்லை. ஒருமுறை மாத்திரம், "ஐயா, அன்னைக்கு அந்தக் காரத்தை வச்சிருந்தா?" என்று கேட்டார். "வைக்கவில்லையே, அம்மா" என்றேன். என் நாவின் நுனியில் நின்ற சொல்லை அவருக்குச் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

நோயியல் அறிக்கை சில வாரங்களின் பின் ஆங்கிலத்தில் வந்தது. சோணைகளாய்த் திரண்ட மயிர்த்துளைக்குழாய்கள். புற்றின் அடையாளம் எதுவும் இல்லை. மூக்கை உப்புநீராற் கழுவ வேண்டும், குடையலாகாது, பலத்துச் சிந்தலாகாது, குறித்த நாள்களிற் கிளினிக்குக்கு வரவேண்டும் என்றார்கள். பையன் பாடசாலைக்குத் திரும்பிவிட்டான். தவறிப்போன குற்றியலுகரத்தை மீண்டும் அவனுக்கு நடத்தினேன். பழைய கொப்பியைத்தான் கொண்டுவந்தான். கறை தவிட்டு நிறமாகியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும்படி சொன்னேன். மறுபக்கத்தில் வேறு பாடம் எழுதியிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டான்.

சென்ற மாதத்துக் கிளினிக் நாளுக்கு முதல்நாள் மாலை தந்தை வந்திருந்தார். நானும் புறப்பட ஆயத்தமாயிருப்பதாகச் சொன்னேன். "வேணாங்க ஐயா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். கிளினிக் கொப்பியைத் திறந்து, உள்ளட்டையிற் பையன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார். மேலே "குருதிக்குழற்கழலை" என்று இருந்தது. அதன் கீழே அதே பொருளில் ஒரு சிங்கள வரி, தமிழ் எழுத்தில்.